வைரம்: சொல்லும் சரக்கும்

நகைக்கடை வாசலில் நிற்பவருக்கு வைரம் என்றால் ஒளி. மரம் அறுக்கும் தச்சருக்கு அது உறுதி. பழைய சண்டையை மறக்க மாட்டாத பங்காளிக்கோ அது நெஞ்சுக்குள் வைத்துக் காப்பாற்றும் விரோதம். ஒரே உச்சரிப்புடைய ஒரு சொல் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் பொருள்களை எவ்வாறு பெற்றது என்பதையும், அவற்றுள் எது மூலம், எது கிளை, எது வெறும் ஒலியொப்புமையால் வந்து ஒட்டிக்கொண்டது என்பதையும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது, பாஷையில் விருப்பமுடையோருக்கு மட்டுமன்றி, மகளின் கல்யாணத்துக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கப் புறப்படும் குடும்பஸ்தருக்கும் பிரயோஜனப்படும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கடைத்தெருவிலே இச்சொல் இப்போது ஒரு புதிய குழப்பத்துக்கும் இடமாகியிருக்கிறது.

முதலில் வேர்களைப் பிரித்துக்கொள்வோம். ரத்தினத்தைக் குறிக்கும் வைரம், ‘வஜ்ர’ என்னும் வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து, தமிழில் வயிரம் என்றும் வைரம் என்றும் வழங்கியதால் வந்தது. அதே வடசொல் தேயாமல் நேரே புகுந்தபோது வச்சிரம் ஆயிற்று. பகையைக் குறிக்கும் வைரமோ ‘வீர’ என்பதன் அடியாகப் பிறந்த ‘வைர’ என்னும் வேறொரு வடசொல். வீரனுக்கும் வீரனுக்கும் இடையே நிற்கும் விரோதம் என்பது அதன் கருத்து. ஆகவே, தீராத பகை கல்லைப்போல் இறுகிவிடுவதனால் அதற்கு வைரம் என்று பெயர் வந்ததென்று மேடைகளில் சொல்லப்படும் விளக்கம் கேட்பதற்கு இனிமையாயிருப்பினும் உண்மையன்று. செட்டிநாட்டில் நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கும் வைரவன்பட்டியின் பெயரிலும், ஊர் எல்லையில் நாயோடு நிற்கும் வைரவசுவாமியின் பெயரிலும் உள்ளது பைரவரே தவிர ரத்தினமன்று. மூன்று ஊற்றுக்களிலிருந்து வந்த நீர் ஒரு வாய்க்காலில் கலந்தபின் இது இன்ன ஊற்றின் நீர் என்று பிரிக்க முடியாததுபோல, பேச்சு வழக்கில் இவை ஒன்றையொன்று சாயமேற்றிக்கொண்டன என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி வச்சிரம் என்பது ஆதியில் கல்லுக்குப் பெயரே அன்று. வேதகாலத்தில் அது இந்திரனுடைய ஆயுதம். துவஷ்டா என்னும் தெய்வத் தச்சன் அதைச் செய்து கொடுத்தான் என்பது பழைய கதை, ததீசி முனிவரின் எலும்பிலிருந்து அது ஆக்கப்பட்டதென்பது பிற்காலப் புராணம். காவிரிப்பூம்பட்டினத்தில் அந்த ஆயுதத்துக்கே வச்சிரக்கோட்டம் என்று ஒரு கோயில் இருந்ததைச் சிலப்பதிகாரம் தெரிவிக்கிறது. ஆயுதத்தின் பெயர் பின்னரே கல்லுக்கு ஏறிற்று. வியப்பு என்னவென்றால், மேற்கிலும் இதே மாதிரியான சம்பவம் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தின் டைமண்டும் அரபியிலும் உருதுவிலும் வழங்கும் அல்மாஸும் ‘அதமாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் சந்ததிகள். ‘அடக்க முடியாதது’ என்பது அதன் அர்த்தம். ஹெஸியோட் என்னும் புராதன கவி தம் தெய்வங்களில் ஒருவனான குரோனஸின் கையில் கொடுத்த அரிவாள் இந்த அதமாஸால் ஆனது. அப்பொழுது அது ஏதோவொரு கடினமான உலோகத்தின் பெயர். இந்தியாவிலும் கிரேக்கத்திலும், தேவர்களின் கையில் இருந்த வெல்ல முடியாத ஆயுதத்தின் பெயரே பிற்காலத்தில் ஒரு சிறு கூழாங்கல்லுக்கு வழங்கப்பட்டது. அதன் மினுமினுப்பைப் பார்த்து யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. உறுதியைப் பார்த்தே வைத்தார்கள். ஒளியைப் பார்த்துப் பெயரிடும் வழக்கம் தனித்தனிக் கற்களுக்கே உண்டு: கோஹினூர் என்றால் ஒளிமலை, தரியா-இ-நூர் என்றால் ஒளிக்கடல். ஜாதிக்குப் பெயர் கடினத்தால், வியக்திக்குப் பெயர் காந்தியால் என்ற இந்தப் பாகுபாடு கவனிக்கத்தக்கது.

பௌத்தர்கள் இச்சொல்லை மேலும் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். புத்தகயையில் ததாகதர் ஞானம் பெற்ற இடம் வஜ்ராசனம். திபெத்திலும் நேபாளத்திலும் நிலைத்த தாந்திரிக மார்க்கம் வஜ்ரயானம். அறியாமையை அறுக்கும் ஞானத்தைப் பேசும் வஜ்ரச்சேதிகை என்ற சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பு 868-ஆம் ஆண்டில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டு, தேதி குறிக்கப்பட்ட அச்சு நூல்களில் மிகப் பழையதென்ற பெருமையுடன் லண்டனில் இருக்கிறது. இங்கெல்லாம் வஜ்ரம் என்பது உடையாதது, பிறவற்றை உடைப்பது என்ற பொருளிலேயே நிற்கிறது.

தமிழ் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபின் அதற்குக் கொடுத்த வேலை மிகவும் சுவாரஸ்யமானது. மரத்தின் உள்ளே முற்றி இறுகி நிறம் கறுத்த பாகத்தை வைரம் என்று நாம் சொல்கிறோம். புறத்தே வெளுத்திருக்கும் இளம்பாகம் வெளிறு. இதற்குத் தமிழிலேயே காழ் என்ற பழஞ்சொல் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் இந்தக் காழை அளவுகோலாக வைத்துக்கொண்டு, உள்ளே காழுடையவற்றை மரமென்றும் வெளியே காழுடையவற்றைப் புல்லென்றும் பிரித்திருப்பது, தாவர சாஸ்திரம் படித்தவர்களை இன்றும் நிமிர்ந்து உட்காரச் செய்யும் விஷயம். பனை அந்தக் கணக்கில் புல்லே. பனையை விட்டமாகவும் கைமரமாகவும் அறுக்கும் ஆசாரியைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும்: தண்டை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதியை வழித்து எறிந்துவிட்டு, வெளி வட்டத்தில் கருநிற நார் நெருங்கி உளிக்கு இடங்கொடாமல் நிற்கும் பாகத்தையே அவர் எடுத்துக்கொள்கிறார். வேம்பிலும் தேக்கிலும் அவர் தேடுவது நடுவில். பனையில் தேடுவது ஓரத்தில். இரண்டுக்கும் அவர் வாயில் பெயர் வைரம்தான். காழ் என்ற சொல் புலவர்களோடு நின்றுவிட, அதன் ஸ்தானத்தில் வைரம் அமர்ந்துகொண்டது. எழுபது வயதிலும் மண்வெட்டியைக் கீழே வைக்காத கிழவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று ஊரார் சொல்லும்போது நகைக்கடையை யாரும் நினைப்பதில்லை.

தச்சுப் பட்டறையில் வச்சிரத்துக்கு இன்னொரு பிரயோகமும் இருந்தது. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி உறைய வைத்த பசைக்கட்டிக்கு அங்கே வச்சிரம் என்றே பெயர். கட்டியை முதல்நாள் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்துக் கரைத்து, சூடு ஆறுவதற்குள் மூட்டுவாயில் தடவி இறுக்கிக் கட்டுவார்கள். அதன் நாற்றம் பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளியே மூக்கில் ஏறும். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில் கோயில் கட்டடங்களுக்குப் பூசும் கெட்டிச் சாந்துக்கு வஜ்ரலேபம் என்று பெயரிருப்பதைப் பார்க்கையில், தச்சரின் பசை வெகு தொன்மையான வம்சத்தைச் சேர்ந்தது என்று தெரிகிறது. டப்பாவில் அடைத்த வெள்ளைப் பசை வந்தபின் அந்தச் சொல்லுக்குப் பட்டறையில் வேலை குறைந்துவிட்டது.

வைராக்கியம் என்ற சொல்லின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது வைரத்திலிருந்து பிறந்ததன்று. விராகம், அதாவது பற்றின்மை, என்பதிலிருந்து வந்தது. மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று பெரியவர்கள் கேலியாகச் சொல்வதில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால், ‘வைராக்கியமாகப் படித்து முன்னுக்கு வந்தான்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது பற்றின்மைக்கு நேர்மாறான பிடிவாதத்தையே கருதுகிறோம். துறவைக் குறித்த சொல் பிடிவாதத்தைக் குறிக்கலானதற்கு, முதல் இரண்டெழுத்தில் ஒலிக்கும் வைரம் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகமென்றே இதைக் கொள்ளவேண்டும்.

கல்லின் கடினத்தைப் பற்றி மொழி சொல்வது எவ்வளவு தூரம் மெய் என்பதையும் பார்க்கலாம். 1812-இல் மோஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த பத்துப்படி அளவையில் வைரம் பத்தாம் படியில் நிற்கிறது. அதைக் கீறக்கூடிய கனிமம் வேறில்லை. ஆயினும் கீறலுக்கு இடங்கொடாமை வேறு, அடிக்கு உடையாமை வேறு. வைரத்தின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால் அது நான்கு திசைகளில் சுலபமாகப் பிளக்கும். சுத்தியால் அடித்தால் சந்தேகமின்றி உடையும். ரோமாபுரிப் பேரறிஞரான பிளினி இதற்கு முற்றும் மாறாக, பட்டறையில் வைத்து அடித்தால் சுத்தியே பிளந்துபோகும் என்றும், வெள்ளாட்டின் இளஞ்சூட்டு ரத்தத்தில் நனைத்தால் மட்டும் அது இளகும் என்றும் எழுதிவைத்தார். அவரை நம்பிப் பரீட்சித்தவர்கள் எத்தனை நல்ல கற்களைப் பொடியாக்கினார்களோ!

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்ற நம் பழமொழியோ அட்சர லட்சம் பெறும். சம கடினமுள்ள இரண்டில் ஒன்று மற்றதை எப்படித் தேய்க்கும் என்று கேட்கலாம். ஒரே வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் சமமாயிருப்பதில்லை. சில திசைகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. எண்ணெயில் குழைத்த வைரப்பொடியை வார்ப்பிரும்புச் சக்கரத்தில் தடவிச் சுழற்றும்போது, பொடியிலுள்ள துகள்கள் தாறுமாறாகக் கிடப்பதால், அவற்றில் சில தம் கடினமான முகத்தைக் கல்லின் இளகிய திசைக்குக் காட்டியே தீரும். பட்டை தீட்டுகிறவர் செய்வதெல்லாம் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து அந்தத் திசையைக் கண்டுபிடிப்பதே. உலகில் பட்டை தீட்டப்படும் கற்களில் மிகப் பெரும்பகுதி சூரத் நகரத்தின் கைகளில்தான் இந்த வேலைக்கு உட்படுகிறது.

இத்தனை உறுதியுள்ள பொருள் கரி என்பதுதான் இயற்கையின் பரிகாசம். 1772-இல் லவாய்சியர் பெரிய லென்சால் சூரிய வெப்பத்தைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார்; 1797-இல் ஸ்மித்ஸன் டெனன்ட் சம நிறையுள்ள கரியும் வைரமும் எரிந்தால் சம அளவு கரியமிலவாயுவே உண்டாகிறது என்று நிரூபித்தார். வைரம் சாசுவதமானது என்று 1947 முதல் டி பீர்ஸ் கம்பெனி உலகமெங்கும் செய்துவந்த விளம்பரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு லவாய்சியரின் லென்ஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தக் கல்லுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் நம் நாட்டையே நம்பியிருந்தது. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரையில், போர்னியோவில் கிடைத்த சிறிதளவைத் தவிர, சந்தைக்கு வந்ததெல்லாம் இந்திய வைரமே. கோல்கொண்டா வைரம் என்று பெயர் பெற்றதெனினும் கோல்கொண்டாவில் சுரங்கம் கிடையாது. அது சந்தையும் ராஜதானியும். தோண்டிய இடங்கள் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்தன. அவற்றுள் பிரசித்தமான கொல்லூரில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாகப் பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வந்த தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதியிருக்கிறார். அந்தச் சந்தையில் வழங்கிய ‘மங்கெலின்’ என்ற எடை, தெலுங்கில் மஞ்சாளி என்றும் தமிழில் மஞ்சாடி என்றும் வழங்கும் செந்நிற விதையின் பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்ததே. இன்று உலகமெங்கும் வழங்கும் காரட்டும் ஒரு விதைதான். மத்தியதரைக் கடற்கரை மரமொன்றின் விதை அது. 1907-இல் 200 மில்லிகிராம் என்று அதை வரையறுத்தார்கள். அதில் நூற்றில் ஒரு பாகத்தை நம் கடைக்காரர்கள் சென்ட் என்பார்கள். தங்கத்தின் மாற்றைக் குறிக்கும் காரட் வேறு என்பதை அறியாமல் ஏமாறுகிறவர்களும் உண்டு. அனந்தபூர், கர்நூல் ஜில்லாக்களில் முதல் மழை பெய்ததும் ஜனங்கள் கழனிகளில் குனிந்தபடி கல் தேடி நடப்பது இன்றும் வழக்கம். அப்பகுதியில் ஓர் ஊருக்கு வஜ்ரகரூர் என்றே பெயர்.

சென்னப்பட்டணத்துக்கும் இந்த வியாபாரத்தில் பெரும் பங்குண்டு. ஜார்ஜ் கோட்டையை அண்டிக் குடியேறிய போர்த்துக்கல் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிப்போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 1698 முதல் 1709 வரையில் கோட்டையின் கவர்னராயிருந்த தாமஸ் பிட், சம்பளத்தைவிட வைரத்தில் அதிக சிரத்தை உள்ளவர். இங்கே அவர் வாங்கிய 410 காரட் கல், லண்டனில் பட்டை தீட்டப்பட்டு 140 காரட்டாகச் சிறுத்து, 1717-இல் பிரான்ஸ் தேசத்து ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்கப்பட்டது. நெப்போலியனின் வாட்பிடியில் ஏறிய அது இன்று லூவ்ர் காட்சிசாலையில் இருக்கிறது.

எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தும் கல்லின் கிராக்கி ஏறியதற்குக் காரணம் ருசிபேதம். நம் நாட்டுப் பட்டறைக்காரர்கள் கல்லின் எடையைக் காப்பாற்றினார்கள். மேனாட்டார் ஒளியை வெளிப்படுத்தினார்கள். 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் கோஹினூரைப் பார்த்த ஜனங்கள் அது கண்ணாடித் துண்டுபோல் மங்கியிருக்கிறதென்று முகத்தைச் சுளித்தார்கள். மறுவருஷமே 186 காரட்டை அறுத்துத் தேய்த்து 106-க்குள் அடக்கிவிட்டார்கள். 1919-இல் டொல்கொவ்ஸ்கி என்ற பொறியியலாளர், கல்லுக்குள் புகுந்த ஒளி அடியில் கசிந்து போகாமல் மேல்முகமாகவே திரும்புவதற்கு எந்தக் கோணத்தில் பட்டைகள் அமைய வேண்டும் என்று கணக்கிட்டபின், கடினத்துக்குப் பெயர்பெற்ற கல் முழுக்க முழுக்க ஒளியின் சரக்காகிவிட்டது.

ஒளியையும் குற்றத்தையும் பார்த்து வாங்கத் தமிழர் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்து மதுரையின் ரத்தினக் கடைவீதியில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்கள் நான்காக எண்ணப்படுகின்றன. காக்கைக் காலடி போன்ற பிளவு, கறை, புள்ளி, கீற்று என்று அவற்றைச் சொல்லலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் இன்றைய தரமதிப்பீட்டாளர்களும் ஏறத்தாழ இவற்றையேதான் தேடுகிறார்கள். நம் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை ‘புளூ ஜாக்கர்’ என்றால் மறுபேச்சில்லை. ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் புளூ ஜாக்கரில் கட்டியவை என்று சொல்லும்போதே பாட்டிமாரின் குரல் சற்று உயரும். அந்த ஜாக்கர் என்பது தென்னாப்பிரிக்காவில் 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட யாகர்ஸ்பொன்டைன் என்ற சுரங்கத்தின் பெயர். நீலம் ஓடிய வெண்மைக்கு அச்சுரங்கத்துக் கற்கள் பேர்போனவை. சுரங்கத்தின் பெயரைத் தம் காதில் அணிந்திருக்கிறோம் என்று அறியாமலே மாம்பலத்திலும் கும்பகோணத்திலும் இரண்டு தலைமுறைப் பெண்கள் அதை அணிந்தார்கள். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சில நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும் வழக்கமும் உண்டு. கல்லைத் திருப்பித் தருவதற்கு மரியாதையான ஒரு வழியாக அது உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வைரப்பொடியைத் தின்றால் உயிர் போகும் என்ற நம்பிக்கை நம் கதைகளிலும் நாடகங்களிலும் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி, தம்மைக் கொல்வதற்காக உணவில் வைரப்பொடி தூவப்பட்டதென்றும், பொடி செய்யக் கொடுத்த வைரத்தைப் பொற்கொல்லன் தானே வைத்துக்கொண்டு மலிவான கல்லை அரைத்துக் கொடுத்ததால் பிழைத்தேன் என்றும் சுயசரிதையில் சொல்கிறார். வைரம் விஷமன்று. அவர் உயிரைக் காத்ததாக அவர் நம்பியது ஒருவனுடைய திருட்டுப் புத்தி.

மற்றப் பிரயோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுபதாம் ஆண்டுக்கு வைரவிழா என்று பெயர் வந்தது விக்டோரியா ராணியின் 1897-ஆம் ஆண்டு விழாவினால். அதற்குமுன் மேனாட்டில் வைரம் எழுபத்தைந்தாம் ஆண்டுக்குரியது. எழுபத்தைந்தை நாம் பவளத்துக்குக் கொடுத்துவிட்டதால், விலையில் எங்கோ கீழே நிற்கும் பவளம் வரிசையில் வைரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாய்சதுரம் என்று படித்த உருவத்தைச் சமையலறையிலும் சீட்டாட்ட மேசையிலும் நாம் டைமன் என்கிறோம்: கிளாவர், இஸ்பேட் ஆகியவற்றோடு டைமன், மைதா மாவைச் சாய்வாக வெட்டிப் பொரித்தால் டைமன் பிஸ்கட், பொடிக் கற்கண்டு டைமன் கற்கண்டு. இவற்றில் ஒன்றையும் எவரும் வைரம் என்று சொல்வதில்லை. வடிவத்துக்கு ஆங்கிலப் பெயரையும் உறுதிக்கு நம் பெயரையும் வைத்துக்கொண்ட இந்தப் பங்கீட்டை எந்தப் பண்டிதரும் செய்து கொடுக்கவில்லை; ஜனங்களே செய்துகொண்டார்கள்.

கடைசியாக, தொடக்கத்தில் குறிப்பிட்ட குழப்பம். திருச்சிராப்பள்ளியிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நெடுங்காலமாகச் செயற்கை வைரத் தொழில் நடந்துவருகிறது. குடிசைகளில் பட்டைச்சக்கரம் சுழற்றி வாழ்ந்த குடும்பங்கள் அநேகம். அங்கே பட்டை தீட்டப்படும் கல் வைரமன்று. கரியின் சம்பந்தமே இல்லாத வேறு ரசாயனப் பொருள். இதே இனத்துக் கல்லைத்தான் கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்கள். ஆனால் 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கரியை அசாதாரண அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்துச் செய்தது உண்மையான வைரம். இன்று மீத்தேன் வாயுவிலிருந்து படலம் படலமாகப் படியவைத்து வளர்ப்பதும் உண்மையான வைரமே. வெப்பத்தைக் கடத்தும் வேகத்தை வைத்துக் கல்லைச் சோதிக்கும் பேனாக்கருவி, அமெரிக்கன் டைமண்ட் போன்ற போலியைக் காட்டிக்கொடுக்குமேயன்றி இதைக் காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2018-இல் வைரத்துக்குத் தான் வகுத்திருந்த இலக்கணத்திலிருந்து ‘இயற்கையான’ என்ற அடைமொழியையே நீக்கிவிட்டது. தமிழில் மட்டும் இரண்டுக்கும் ‘செயற்கை வைரம்’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது; ஒன்று வைரமல்லாதது, மற்றது வைரமேயானது. இப்படியொரு பெயர் வாங்குவோருக்கும் நஷ்டம், திருச்சித் தொழிலாளருக்கும் நியாயமன்று. வைரமல்லாததைப் போலிக்கல் என்றும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததை ஆய்வக வைரம் என்றும், மண்ணிலிருந்து எடுத்ததைச் சுரங்க வைரம் என்றும் பத்திரிகைகளும் அகராதி செய்வோரும் பிரித்தெழுதத் தொடங்கவேண்டும். அதுவரையில், தோடு வாங்கப் போகும் வாசகர்கள், இம்மூன்றில் எது தங்களுக்கு விற்கப்படுகிறது என்பதைக் கடைக்காரரின் வாய்மொழியாக அல்லாமல் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.